பாட்டு ஒன்று, காட்டும் பெயர் வேறொன்று: டேக்கை நீங்களே திருத்துவது எப்படி?

சிடியைக் கணினியில் ஏற்றினால் பிளேயர் தானாகவே பெயர்களை நிரப்பிவிடும் (ஃபைலுக்குள் எழுதப்படும் இந்தத் தகவல்தான் டேக்), ஆனால் சில நேரம் அவை வேறு யாரோ பாடிய வேறு ஏதோ ஆல்பத்தின் பெயர்களாக இருக்கும். பெரும்பாலான சிடிக்களில் பாட்டின் பெயரே கிடையாது. எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்ற கணக்கை வைத்துத்தான் மென்பொருள் இணையத்தில் தேடுகிறது. அதே கணக்குள்ள இன்னொரு சிடி இருந்தால் குழப்பம்தான்.

முதலில் பிளேயரின் அமைப்புகளில், தகவலைத் தானாக எடுக்கும் வசதியை நிறுத்துங்கள், இல்லையென்றால் நீங்கள் திருத்தியதை அது மறுபடி மாற்றிவிடக்கூடும். அப்புறம் எல்லாப் பாட்டையும் வேறொரு ஃபோல்டரில் நகலெடுத்து வையுங்கள். தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.

அடுத்து, மியூசிக்பிரெயின்ஸ் பிகார்ட் என்ற இலவச மென்பொருளை நிறுவி, பாட்டுகளை அதற்குள் இழுத்துப் போட்டு, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'ஸ்கேன்' அழுத்துங்கள். இது ஒலியிலிருந்தே கைரேகை மாதிரி ஒரு குறியீட்டை எடுத்து ஒப்பிடுவதால், ஃபைலின் பெயர் வெறும் 'டிராக் 01' என்றிருந்தாலும் பரவாயில்லை. ஆனால் உடனே 'சேவ்' கொடுக்க வேண்டாம்! ஒரே ஒலிப்பதிவு மூல ஆல்பத்திலும் இருக்கும், பல தொகுப்புகளிலும் இருக்கும், கைரேகைக்கு எல்லாம் ஒன்றுதான், எது உங்களுடையது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கீழே பழைய தகவலும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், பொறுமையாக ஒப்பிட்டுவிட்டுச் சேமியுங்கள்.

ஒரே ஆல்பம் பிளேயரில் ஏழெட்டாக உடைந்து தெரிகிறதா? பாட்டுக்குப் பாட்டு பாடகர் மாறும் ஆல்பங்களில் இது அடிக்கடி நடக்கும். 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் எல்லாப் பாட்டுக்கும் ஒரே பெயரை, இசையமைப்பாளர் பெயரையே, கொடுங்கள். பாடகர் பெயர்கள் 'ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் அப்படியே இருக்கட்டும். என் கணக்கில் பாதித் தலைவலி இதிலேயே தீர்ந்துவிடும்.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாகவோ கிறுக்கலாகவோ வந்தால், கோளாறு எழுத்துக் குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளைக் கணினி பைட்டுகளாக எழுதிவைக்கும் முறையில். எம்பி3க்கான ஐடி3 டேக்கின் முதல் வடிவம் 1996இல் வந்தது, தலைப்புக்கு 30 பைட்தான் இடம். யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறிக்கே 3 பைட் வேண்டும், அதனால் பத்துக் குறிக்கு மேல் அதில் அடங்காது. பிகார்ட் அமைப்புகளில் ஐடி3 பகுதிக்குப் போய் பிந்தைய 2.3 வடிவத்தையும் யுடிஎஃப்-16 குறியாக்கத்தையும் தேர்ந்தெடுத்து மறுபடி சேமியுங்கள், பழைய பிளேயர்கள்கூடப் பெரும்பாலும் படித்துவிடும்.

இன்னும் பழைய பெயரே தெரிந்தால் பிளேயரின் லைப்ரரியிலிருந்து அந்த ஆல்பத்தை நீக்கிவிட்டு (ஃபைலை அல்ல) மறுபடி சேருங்கள்.