ஜிப்சம் போர்டு இணைப்பு: சரிவு விளிம்பும் சதுர விளிம்பும்

ஜிப்சம் போர்டுத் தடுப்புச் சுவரில் இரண்டு போர்டுகள் கூடும் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போவது, பட்டி பார்க்கும் கையைவிட, எந்த விளிம்பு எந்த விளிம்பைத் தொடுகிறது என்பதையே பொறுத்தது. போர்டின் நீளவாட்டு ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கவும். முகப்பக்கம் ஏறத்தாழ 2 அங்குல அகலத்துக்கு மெலிந்திருந்தால் அது சரிவு விளிம்பு. நாம் கத்தியால் வெட்டிய ஓரங்கள் எல்லாம் சதுர விளிம்புதான். ஏற்றுவதற்கு முன்பே போர்டுகளைத் தரையில் பரப்பி, சதுர விளிம்புகள் சந்திக்கும் இடங்களை அலமாரி மறைக்கும் பக்கமாகத் தள்ளிவிடவும். கதவு நிலையின் மூலைக்கு நேராக இணைப்பு வந்தால் பின்னால் விரிசல் விடும்.

சரிவும் சரிவும் சேர்ந்தால் ஆழமில்லாத பள்ளம் ஒன்று தானாகக் கிடைக்கும். அதில் 6 அங்குல பிளேடால், இணைப்பை நிரப்பும் பட்டிக் கலவையான ஜாயின்ட் காம்பவுண்டை இட்டு, ஈரம் இருக்கும்போதே காகித டேப்பைப் பதித்து, காற்றுக் குமிழ் தங்காமல் அழுத்தி இழுக்கவும். காய்ந்தபின் அகலமான பிளேடால் இரண்டு பூச்சு போதும்.

சதுரமும் சதுரமும் சேரும் இடத்தில்தான் பொறுமை வேண்டும். பள்ளம் இல்லாததால் டேப்பின் தடிமனே மேடாகிவிடும். அந்த மேட்டை ஒழிக்க முடியாது, அகலத்தில் கரைக்கத்தான் முடியும். இரு ஓரங்களையும் சாய்வாகச் சீவி, உண்டாகும் பள்ளத்தைக் காம்பவுண்டால் நிரப்பிக் காயவிட்டு, மேலே டேப்பை ஒட்டவும். பிறகு டேப்பின் இருபுறமும் ஓரடி அகலத்துக்குப் பட்டைகளாகப் பூசி, அவை காய்ந்தபின் நடுவை மெல்லிய படலமாக மூடவும். பெருந்துறையில் ஓர் அலுவலக அறையில் நான் இதை 6 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டேன். பகலில் வழவழப்பாக இருந்த சுவர், மாலையில் சுவரை ஒட்டிய டியூப்லைட்டைப் போட்டதும் உள்ளே கயிறு பதித்ததுபோல் புடைத்துத் தெரிந்தது.

சரிவும் சதுரமும் சேர்ந்தால் ஒருபுறம் மட்டும் தாழ்ந்திருக்கும். சரிவுப் பக்கத்தை மட்டும் முதலில் நிரப்பி, மட்டப்பலகை வைத்துச் சமமாக்கி, காய்ந்தபின் அதைச் சதுர இணைப்பாகவே கருதி மேலே செல்லவும்.

கோவை, பொள்ளாச்சிப் பக்கம் ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பூச்சின் மேல்தோலை மட்டும் விரைவாக உலர்த்திவிடும். உள்ளே ஈரம் இருக்க அடுத்த பூச்சை இட்டால், அடிப்பூச்சு பின்னால் சுருங்கி இணைப்பு குழிவிழும். ஆகவே காற்றுப் பக்கத்துச் சன்னலைச் சாத்திவிட்டு, பூச்சு முழுவதும் ஒரே நிறமாக வெளுக்கும்வரை காத்திருக்கவும்.

முடிவில் 150-ஆம் எண் எமரித்தாளால் லேசாகத் தேய்க்கவும். போர்டின் காகிதம் பஞ்சாக எழும்பினால் தேய்ப்பு மிஞ்சிவிட்டது என்று பொருள். பிரைமர் அடிக்கும் முன் செல்போன் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, நிழல் விழும் இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு, அங்கு மட்டும் இன்னொரு பூச்சு இடவும்.