தேயிலை மலையில் சிறுத்தை கம்பியில் மாட்டினால்

இலங்கை மலையகத்தில் சிறுத்தைகளைச் சாகடிப்பது பெரும்பாலும் துப்பாக்கி இல்லை, பன்றிக்கு வைக்கிற சுருக்குக் கம்பிதான். பிரேக் கேபிளிலோ கட்டுக்கம்பியிலோ சுருக்குப் போட்டு, மரக்கறித் தோட்ட ஓரத்திலும் ஓடைக்கரையிலும் காட்டை ஒட்டிய தேயிலை மலையிலும் கட்டுகிறார்கள். வருவது பன்றியா, சிறுத்தையா, லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) நாயா என்று கம்பிக்குத் தெரியாது.

சிக்கிய விலங்கு திமிறத் திமிற சுருக்கு இறுகும். கழுத்தில் மாட்டினால் மூச்சு முட்டும். இடுப்பில் மாட்டினால்தான் நாம் ஏமாறுவோம்: வெளியே காயமே தெரியாது, உள்ளே உறுப்புகள் நசுங்கியிருக்கும். கம்பி எங்கே இறுகியிருந்தாலும், உயிரோடு மீட்பது மட்டும் போதாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் சிக்கிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டு, உடவளவையிலுள்ள வனவிலங்குச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சையும் கொடுத்தார்கள். சில நாட்களில் அது இறந்துவிட்டது. அதனால் "எழும்பி நிற்குதே, கம்பியை வெட்டிவிட்டால் ஓடிவிடும்" என்று யாரையும் குறட்டோடு போக விடாதீர்கள். வெட்டப் போகிறவர்மீது சிறுத்தை பாயும். தப்பி ஓடினாலும், சதைக்குள் புதைந்த கம்பியோடு காட்டுக்குள் போய்ச் சாகும்.

கண்டவுடன் 1992க்கு அழையுங்கள். அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம். தோட்டத்தின் பெயர், டிவிஷன், மலை இலக்கம், வாகனம் எதுவரை வரும், கம்பி எந்த இடத்தில் இறுகியிருக்கிறது, அது வேரில் கட்டியிருக்கிறதா கட்டையிலா என்று சொல்லுங்கள். கட்டை இழுபட்டு வரக்கூடியது என்றால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மயக்க ஊசி போட வருகிற வைத்தியர் எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை அது தீர்மானிக்கும். பிறகு கங்காணியிடம் சொல்லி அந்த மலையில் கொழுந்து எடுப்பதை நிறுத்துங்கள். ஆட்களைக் குறைந்தது நூறு மீட்டருக்கு அப்பால் தள்ளுங்கள். கூட்டம், கூச்சல், கல்லெறி, கிட்டப் போய் எடுக்கிற வீடியோ எல்லாம் விலங்கைத் திமிற வைக்கும். பயத்தில் நெடுநேரம் திமிறுவதே தசைகளைச் சிதைத்துக் கொல்லக்கூடியது.

சிக்கியது நாய் என்றால் இருவர் போதும். தலையைச் சாக்கால் மூடி, உடம்பைக் கம்பி கட்டியிருக்கும் பக்கமாக நகர்த்தினால் கம்பி தளரும். அதன் பிறகே வெட்டுங்கள். கடிபட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சட்டம் இந்த விலங்குகளை ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. சிறுத்தைக்கு 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. நாய்க்கு 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம்; அதில் எழுதிய உச்ச அபராதம் நூறு ரூபாய். அந்தச் சட்டமும் வீட்டு விலங்கையும் பிடிபட்ட விலங்கையும்தான் பேசுகிறது, காட்டில் திரிகிற பன்றியை அல்ல. ஒரு விலங்குக்கு வலிக்கிறதா என்பதே கேள்வி என்று ஆங்கிலேயத் தத்துவஞானி ஜெரமி பெந்தம் 1789இலேயே எழுதிவிட்டார். அந்த அளவுகோலில் மூன்றுக்கும் வேறுபாடே கிடையாது. நம் சட்டம் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. இருக்கிற சட்டமாவது வேலை செய்ய வேண்டுமென்றால் சாட்சியம் தேவை.

கம்பி கட்டியிருந்த முடிச்சை அவிழ்க்காதீர்கள். அந்த முடிச்சு, கம்பியின் வகை, நிலத்திலிருந்து அதன் உயரம் மூன்றையும் தூரத்திலிருந்தும், விலங்கைக் கொண்டுபோன பிறகு கிட்டத்திலும் படமெடுங்கள். பக்கத்தில் வேறு சுருக்குகள் இருந்தால் அதிகாரிகளுக்குக் காட்டுங்கள். ஒரு கம்பி கிடைத்த பன்றித் தடத்தில் இன்னொன்று இருக்கக்கூடும்.

பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கும்போது தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். சிங்களத்தில் எழுதினால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய் வரி வரியாகக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள். "கம்பியைக் கண்டேன்" என்று நீங்கள் சொன்னது "கம்பியை வைத்தேன்" என்று பதிவானால், முறைப்பாடு செய்தவரே சந்தேகநபராகிவிடுவார். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் வாங்காமல் திரும்ப வேண்டாம். வழக்கு எங்கே நிற்கிறது என்று பிறகு விசாரிக்க அது இரண்டும் வேண்டும்.