ரீமாஸ்டர் டிராகன் பால் படங்கள்: முதலில் டிவி செட்டிங்கை மாற்றுங்கள்

1990-களின் ஜப்பானிய அனிமே படங்களான டிராகன் பால் இசட் படங்களை ரீமாஸ்டர் (புதுப்பித்த) பதிப்பில் மறுபடி பார்ப்பதற்கு முன், டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கையும் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணைத்துவிடுங்கள். மோஷன் ஸ்மூத்திங் எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் (புதிய மாடல்களில் பிக்சர் கிளாரிட்டி) என்று இருக்கும். ஷார்ப்னஸையும் குறையுங்கள். பல டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் செட்டிங் தனி என்பதால், படம் ஓடும்போதே மாற்றுவதுதான் சரி.

இவை நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படங்கள். ஆனால் ஒரே ஓவியம் இரண்டு, மூன்று ஃபிரேம்களுக்கு நிற்கும். மோஷன் ஸ்மூத்திங்கில் டிவி நடுவில் தானாக ஃபிரேம்களை இட்டு நிரப்பினால், சண்டையில் வீசும் கை ஓரத்தில் பிசிறி, அடி விழும் வேகமே செத்துவிடும். நாய்ஸ் ரிடக்‌ஷனோ ஃபிலிம் கிரெயினோடு (ஃபிலிமில் இயல்பாகவே இருக்கும் நுண்புள்ளிகள்) சேர்த்து மெல்லிய கோடுகளையும் அழித்துவிடும். டிஸ்க் மோசம் என்று இன்னொரு பதிப்பு வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள்.

கிரெயினை ரீமாஸ்டரிலேயே துடைத்திருந்தால் இது உதவாது. வெறும் வானம் தெரியும் காட்சியில் நிறுத்திப் பாருங்கள்: புள்ளியே இல்லாமல் மெழுகு பூசியது போல இருந்தால், குறை பதிப்பில்தான். திரை முழுக்க 16:9-இல் வருவதைக் குறையென்று நினைக்க வேண்டாம், தியேட்டரிலும் அகலத்திரையாகத்தான் காட்டினார்கள். டிவி தொடர் அப்படியல்ல. அது 4:3, பழைய டிவி வடிவம். அதை 16:9 ஆக்கிய பதிப்பில் உயரத்தில் கால் பங்கு வரை போய்விடும், எந்த செட்டிங்கும் அதை மீட்காது.