உதவி மாட் எழுத ஏஐயை நம்பும்போது எங்கே சறுக்குகிறது?

வீட்டுக் கணினியில் நண்பர்கள் சேர்ந்து ஆட மைன்கிராஃப்ட் விளையாட்டின் சர்வரை நடத்தும் பிள்ளைகள் ஹட்டனிலும் இருக்கிறார்கள், பண்டாரவளையிலும் இருக்கிறார்கள். கொழும்புக்கு வேலைக்குப் போன அண்ணனும் தோட்டத்தில் இருக்கும் தம்பியும் இரவில் சந்திக்கிற இடம் அது. கொஞ்ச நாளில் ஓர் உதவி மாட், அதாவது விளையாட்டோடு சேர்க்கும் ஒரு சிறு நிரல், தேவைப்படும். புதிதாக வருபவரை வரவேற்க வேண்டும், விளையாட்டில் ஒவ்வொருவரின் வீட்டு இடத்தையும் நினைவில் வைக்க வேண்டும், விதிகளைத் தமிழில் சொல்ல வேண்டும். மாட் எழுதும் மொழியான ஜாவா தெரியாவிட்டாலும் ஏஐ கருவியிடம் கேட்டால் சில நிமிடங்களில் கோட் வந்துவிடுகிறது. இது நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் கருவிக்கு உங்கள் சர்வரைப் பற்றி எதுவும் தெரியாது. சொன்னால்தான் தெரியும்.

முதலில் சொல்ல வேண்டியது பதிப்பு. “மைன்கிராஃப்டுக்கு ஒரு மாட் எழுதித் தா” என்று மட்டும் கேட்டால், ஃபேப்ரிக், ஃபோர்ஜ் என்ற இரண்டு லோடர்களுக்கும் (மாட்டை விளையாட்டில் ஏற்றும் மென்பொருள்கள்) உரியது கலந்த ஒரு கோட் வரலாம். பேப்பர் என்ற வகைச் சர்வர் என்றால் உங்களுக்குத் தேவை மாட் அல்ல, சர்வரில் மட்டும் சேர்க்கும் பிளகின். 1.20.5 பதிப்பிலிருந்து சர்வருக்குக் குறைந்தது ஜாவா 21 வேண்டும். அதே பதிப்பில்தான் பொருட்களின் தகவலை என்பிடி என்ற வடிவத்தில் வைக்கும் பழைய முறை போய் ‘டேட்டா காம்போனென்ட்’ முறை வந்தது. இணையத்தில் கிடக்கும் பாடங்களில் பெரும்பகுதி அதற்கு முந்தையது என்பதால், கருவி பழைய முறையிலேயே எழுதப் பார்க்கும். விளையாட்டுக் கோடின் பகுதிகளுக்கு வெவ்வேறு பெயர்ப் பட்டியல்கள் இருப்பதால் பெயர்களிலும் குழப்பம் உண்டு. ஃபேப்ரிக் தரப்பின் யார்ன் பெயரிடலில் ‘சர்வர்பிளேயர்என்டிட்டி’ என்று இருப்பது விளையாட்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனத்தின் பெயரிடலில் ‘சர்வர்பிளேயர்’. பதிப்பு, லோடர், ஜாவா, பெயரிடல் நான்கையும் முதல் வரியிலேயே எழுதிக் கொடுங்கள். கருவி சொல்லும் லைப்ரரி (பிறர் எழுதி வைத்த துணைக் கோட்) உண்மையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாத பெயர்களையும் அது உறுதியாகச் சொல்லும்.

தனியாள் விளையாட்டில் ஓடியதைப் பார்த்துவிட்டு “சரி, முடிந்தது” என்று நினைப்பது அடுத்த தவறு. திரை, விசைப்பலகை சம்பந்தப்பட்ட கிளையன்ட் கிளாஸ்கள், அதாவது ஆடுபவரின் கணினிக்கான கோட் பகுதிகள், தனி சர்வரில் கிடையாது. அவற்றில் ஒன்றை மாட் தொட்டால், உங்கள் கணினியில் நன்றாக ஓடியது சர்வரில் தொடங்கும்போதே விழுந்துவிடும். சோதனைக்கென்று தனி சர்வர் ஒன்றை அதே கணினியில் வேறு ஃபோல்டரில் வைத்துக்கொள்ளலாம்.

இனி வருவதுதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். சர்வர் ஒரு விநாடிக்கு 20 டிக் (உலகத்தை ஒருமுறை புதுப்பிக்கும் சுற்று) ஓடுகிறது, ஒரு டிக்குக்கு 50 மில்லிவிநாடி. உலகத்தின் வேலை பெரும்பாலும் ஒரே திரெட்டில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் ஒரே வேலை வரிசையில், நடக்கிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு ஒன்றுதான் என்றால், நிறுப்பவர் ஃபோன் பேசப் போனதும் வரிசை முழுக்க நிற்கும். இங்கேயும் அதேதான். யாரோ ஒருவர் கேட்ட கேள்விக்கு வெளியிலிருந்து பதில் எடுத்துவர மாட் இரண்டு விநாடி காத்திருந்தால் 40 டிக் போச்சு, எல்லோருக்கும் ஆட்டம் உறையும். ஒரே டிக் 60 விநாடியைத் தாண்டினால், இயல்பான அமைப்பில் சர்வர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

“லேக் ஆகிறது, சரிசெய்” என்று கருவியிடம் சொன்னால், அது எல்லா வேலையையும் வேறொரு திரெட்டுக்குத் தள்ளிவிடலாம். லேக் போய்விடும், மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் வேறு திரெட்டிலிருந்து உலகத்தின் பிளாக்கையோ ஆட்களின் பையையோ மாற்றினால் சில சமயம் சர்வர் விழும், சில சமயம் சத்தமில்லாமல் உலகமே கெடும். மெதுவான வேலை மட்டும் வெளியே போக வேண்டும். அதன் விடை முதன்மைத் திரெட்டுக்குத் திரும்பி வந்த பிறகே உலகத்தைத் தொட வேண்டும். ஃபேப்ரிக்கில் அதற்கு சர்வரின் ‘எக்ஸிக்யூட்’ இருக்கிறது, பேப்பரில் ‘ஷெட்யூலர்’ இருக்கிறது. இதைக் கேட்டு வாங்குங்கள்.

மலையகத்துக்கே உரிய சங்கடம் கரண்ட். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் ஒரு மரம் சாய்ந்தால் போதும். மாட் தன் கோப்பை எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால் பாதிக் கோப்புதான் மிஞ்சும், எல்லோருடைய வீட்டு இடமும் அழிந்துபோகும். தற்காலிகக் கோப்பில் முழுதும் எழுதி முடித்து, பிறகு பெயரை மாற்றி பழையதன் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். இணைய டேட்டாவிலும் கவனம் வேண்டும். ஏதாவது பிழை வந்தால், மாட்டைத் தொகுக்கும் கிரேடில் மென்பொருளை ‘ரிஃப்ரெஷ் டிபென்டென்சீஸ்’ என்று ஓட்டச் சொல்வது கருவிகளின் வழக்கம். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் இணையத்தில் மறுபடி சரிபார்க்கும், சிலவற்றை மறுபடி இறக்கவும் கூடும், பேக்கேஜ் வீணாகும்.

தமிழில் செய்தி காட்டுவதிலும் இரண்டு கண்ணிகள் உண்டு. ஜாவா 18 முதல்தான் தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 இயல்பான எழுத்துக் குறியாக்கம். விண்டோஸில் ஜாவா 17 வைத்து ஓடும் சர்வரில் கோப்பைப் படிக்கும்போது யூடிஎஃப்-8 என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் எழுத்தெல்லாம் சிதைந்து வரலாம். இன்னொன்று, கட்டளையில் ‘வேர்ட்’ வகை உள்ளீடு ஆங்கில எழுத்து, எண், ஒருசில குறிகளைத் தவிர வேறெதையும் ஏற்காது. வீட்டுக்கு “பெரியாத்தா வீடு” என்று பெயர் வைக்க வேண்டுமானால் ‘கிரீடி ஸ்ட்ரிங்’ வகையைக் கேளுங்கள். அதைக் கட்டளையின் கடைசியில்தான் வைக்க முடியும்.

பாதுகாப்பை விளையாட்டாக எடுக்க வேண்டாம். 2021 டிசம்பரில் லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, சாட்டில் ஒரு வரி அனுப்பியே பிறர் சர்வரில் கோட் ஓட்ட முடிந்தது. 2023 ஜூனில் ஃபிராக்சரைசர் என்ற தீநிரல் பிரபலமான மாட் தளங்கள் வழியாகவே பரவியது. கருவி எழுதித் தரும் கட்டளைகளில் யார் அதைப் பயன்படுத்தலாம் என்ற அனுமதிச் சோதனை விட்டுப்போவது சகஜம். சாதாரண ஆளாக உள்ளே நுழைந்து ஒவ்வொன்றையும் அடித்துப் பாருங்கள். ஆர்கான் (சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் வசதி) கடவுச்சொல், டிஸ்கார்ட் அரட்டைச் செயலியின் டோக்கன் (ரகசியச் சாவி) இருக்கும் கோப்புகளைக் கருவிக்கு ஒட்ட வேண்டாம், கோட் பகிரும் கிட்ஹப் தளத்திலும் ஏற்ற வேண்டாம்.

தானாகவே கோப்பை மாற்றிக் கட்டளை ஓட்டும் கருவி என்றால், அதை ஓடுகிற சர்வரின் ஃபோல்டருக்குள் விடவே கூடாது. புது மாட் போடும் முன் உலகத்தை நகலெடுங்கள். சர்வர் ஓடிக்கொண்டிருந்தால் ‘சேவ்-ஆஃப்’, அப்புறம் ‘சேவ்-ஆல் ஃப்ளஷ்’, பிறகு நகல், கடைசியில் ‘சேவ்-ஆன்’. அந்தக் கடைசிக் கட்டளையை மறந்துவிட்டால் தானியங்கிச் சேமிப்பு நின்றே இருக்கும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால், கடைசியாகச் சேமித்த பிறகு கட்டியது எதுவும் திரும்பி வராது.