கலாநிதிப் பட்டத்திற்குப் பின் ஆய்வுப் பணி: மலையகத்து ஆய்வாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேராதனையில் கலாநிதிப் பட்ட ஆய்வை முடிக்கும் நம் பிள்ளைகள் பலர், பட்டமளிப்பு விழா முடியட்டும், பிறகு வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருக்கிறார்கள். ஆனால் போஸ்ட்டொக் எனப்படும், கலாநிதிப் பட்டத்திற்குப் பிந்திய ஆய்வுப் பணிகளுக்குக் காலவரையறை உண்டு. ஜெர்மனியின் ஹம்போல்ட் நிதியம், இளம் ஆய்வாளர் பிரிவில் பட்டம் பெற்று 4 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கச் சொல்கிறது. ஜப்பானின் அறிவியல் மேம்பாட்டுச் சங்கமான ஜே.எஸ்.பி.எஸ். தருவது 6 ஆண்டுகள். அதிலும் பொது அழைப்பில் உங்களை ஏற்கும் ஜப்பானிய ஆய்வாளரே விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே பேராசிரியரைத் தேடும் வேலையை ஆய்வேடு எழுதும்போதே தொடங்குங்கள்.

அடுத்தது, ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்புவது. "தங்கள் மேலான ஆய்வுகூடத்தில் ஒரு வாய்ப்புத் தந்தருளுமாறு" என்று கெஞ்சும் மின்னஞ்சலை யாரும் இரண்டாம் வரி வரை படிப்பதில்லை. நீங்கள் எழுதப்போகும் பேராசிரியருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படியுங்கள். அதில் விடுபட்ட கேள்வி எது, அதற்கு உங்களிடம் என்ன தரவு இருக்கிறது என்று நான்கு வரியில் எழுதுங்கள்.

இங்கேதான் நம்மவர்கள் கையிலுள்ள பொன்னை மறைத்துவிடுகிறார்கள். தென்மேல் பருவக்காற்றில் தலவாக்கலை நனையும்போது, மலைக்கு அப்பால் ஊவாச் சரிவுகள் வறண்ட காற்றில் காய்கின்றன. அதே தேயிலை, அருகருகே இரண்டு காலநிலை. மண்ணியல், தாவரவியல் ஆய்வாளருக்கு இதைவிட நல்ல களம் எங்கே கிடைக்கும்? மண்சரிவுப் பொறியியல் படித்தவர், 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டக் குடியிருப்புகளைப் புதைத்த சரிவை விண்ணப்பத்தில் குறிப்பிடவே கூச்சப்படுகிறார். தோட்டத்துப் பின்னணி தெரிந்துவிடும் என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் விண்ணப்பத்தைப் படிப்பவர் தேடுவது களத்தை அறிந்த ஆளை. எழுதுங்கள்.

பெயர் விஷயத்தையும் கவனியுங்கள். ஒரு கட்டுரையில் தகப்பனார் பெயர் முழுதாக, இன்னொன்றில் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் வேறொரு வரிசை என்றால், தேடுபவருக்கு நீங்கள் மூன்று பேர். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாகத் தரப்படும் ஓர்கிட் (ORCID) எண் இலவசம். இன்றே பெற்று எல்லாக் கட்டுரைகளையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

பட்டச் சான்றிதழ் தாமதமானால், பட்டம் நடைமுறைக்கு வரும் திகதியைக் குறிப்பிட்டுப் பல்கலைக்கழகத்திடம் கடிதம் கேளுங்கள். விரிவுரையாளராக இருந்தபடி கற்கை விடுமுறையில் படித்தவர்கள், திரும்பி வந்து பணியாற்றுவதாகக் கையெழுத்திட்ட பிணைமுறியைப் படிக்காமல் வேறு பணிக்குச் சம்மதிக்க வேண்டாம். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கப் பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

பணி கிடைத்த மகிழ்ச்சியில் ஒப்பந்தத்தைப் பார்க்காமல் கையெழுத்திடுவதும் நடக்கிறது. தருவது சம்பளமா உதவித்தொகையா, மருத்துவக் காப்புறுதி யார் பொறுப்பு, முதல் ஆண்டுக்குப் பின் நீடிப்பு எதைப் பொறுத்தது, குடும்பத்தாருக்கு விசா உண்டா என்பவற்றை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டதற்காக எந்த நல்ல பேராசிரியரும் கோபிக்க மாட்டார்.