ஜீரோ விமானத்தின் சரியான நிறத்தையும் குறியீடுகளையும் கண்டுபிடிப்பது எப்படி: பெயின்ட் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் கடற்படை ஓட்டிய போர் விமானம் ஜீரோ; அதன் பிளாஸ்டிக் மாடல் கிட்டைச் செய்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. "ஜீரோவுக்கு எந்தப் பெயின்ட் சரி?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த ஜீரோ, எந்தத் தேதியில், எந்தத் தொழிற்சாலையில் செய்தது என்று கேட்க வேண்டும். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. பெயின்ட் பாட்டில் கடைசியில்தான் வரும். கிட் பெட்டியில் வரும் வண்ணத் தாளை இப்போதைக்கு மூடி வையுங்கள்.

உதாரணத்துக்கு ஜீரோவின் ஒரு வகையான ஏ6எம்2 மாடல் 21-ஐ எடுத்துக்கொள்வோம். பேர்ல் துறைமுகத் தாக்குதலில் ஹிர்யூ என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பி, ஹவாயின் நீஹாவ் தீவில் இறங்கிய ஷிகெனோரி நிஷிகைச்சியின் விமானம்.

படி 1: தேதியைப் பிடியுங்கள்

ஜப்பானியக் கடற்படை எங்கே போனாலும் டோக்கியோ நேரத்தில்தான் பதிவு எழுதியது. ஹவாயில் 1941 டிசம்பர் 7 என்றால், அவர்கள் ஆவணத்தில் அது டிசம்பர் 8. வருடமும் ஷோவா கணக்கில், அதாவது பேரரசரின் ஆட்சியாண்டுக் கணக்கில் இருக்கும்: ஷோவா எண்ணோடு 1925-ஐக் கூட்டுங்கள். ஷோவா 16 என்றால் 1941.

ஆசிய வரலாற்று ஆவண மையத்தின் இணையதளத்தில் விமானக் குழுக்களின் போர் நடவடிக்கைப் பதிவேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கப்பல் பெயரைப் பழைய காஞ்சி, புதிய காஞ்சி (ஜப்பானிய எழுத்து) வடிவம் இரண்டிலும் தேடுங்கள். ஹிர்யூவின் பெயரில் உள்ள 'ர்யூ' எழுத்துக்கு இரண்டு வடிவம் உண்டு. ஒன்றை மட்டும் போட்டால் பாதிதான் வரும். விமானிகளின் பெயர், எந்த அணியில் பறந்தார்கள், சேதம் என்ன என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில் இருக்கும். வால் எண்ணை அங்கே எதிர்பார்க்காதீர்கள். அதற்குப் புகைப்படமும் அமெரிக்கர்கள் எழுதிய விபத்து ஆய்வறிக்கைகளும்தான் துணை.

படி 2: தொழிற்சாலை எது?

மிட்சுபிஷி, நகாஜிமா என்ற இரண்டு நிறுவனங்களுமே மாடல் 21-ஐத் தயாரித்தன. ஆனால் நகாஜிமா தயாரிப்பு தொடங்கியதே 1941 நவம்பரில்தான். ஆகவே பேர்ல் துறைமுகத்துக்குப் போன ஜீரோக்களை மிட்சுபிஷி என்றே வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிந்தைய விமானங்களுக்கு இரண்டு அடையாளம் பாருங்கள்:

- சாம்பல் நிற விமானத்தின் உடற்பகுதி ஹினோமாருவை (ஜப்பானின் சிவப்பு வட்டக் குறி) சுற்றி வெள்ளை வளையம் இருந்தால் நகாஜிமா. வளையத்தின் அகலம் 75 மி.மீ.; 1/48 அளவில் ஒன்றரை மி.மீ.தான் வரும். கிட்டில் வரும் டெக்கால் (ஒட்டும் குறி) அதைவிடத் தடிமனாக இருந்தால் வெட்டி எறியுங்கள்.
- மேலே பச்சை அடித்த விமானத்தில் பச்சையும் சாம்பலும் சேரும் கோட்டைப் பாருங்கள். வால் வரை ஏறக்குறைய நேராக ஓடினால் மிட்சுபிஷி. கிடைமட்ட வால் இறக்கைக்கு முன்பே வளைந்து மேலேறினால் நகாஜிமா.

படி 3: கருப்பு வெள்ளைப் படத்தைப் படிப்பது

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது. அவசரப்படாதீர்கள்.

அந்தக் காலத்தில் இரண்டு வகை ஃபிலிம் புழக்கத்தில் இருந்தது. ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கருப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும், மஞ்சளும் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கருத்து விழும். பான்குரோமேட்டிக் ஃபிலிம் எல்லா நிறத்தையும் வாங்கிக்கொள்ளும். மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்திருந்தால் நீலம் கருத்துவிடும், சிவப்பு வெளிறும்.

முதலில் ஃபிலிம் எது என்று முடிவு செய்யுங்கள். ஒரே படத்தில் ஹினோமாருவையும் எஞ்சின் கவுலிங்கையும் (எஞ்சினை மூடும் உறை) ஒப்பிடுங்கள். மிட்சுபிஷி கவுலிங் நீலம் கலந்த கருப்பு. ஹினோமாருவும் அதே அளவு கருப்பாகத் தெரிந்தால் பெரும்பாலும் ஆர்த்தோ. கவுலிங்கைவிடத் தெளிவாக வெளுத்துத் தெரிந்தால் பான். வெயில் விழும் பக்கம், நிழல் பக்கம் கலக்காமல் ஒரே வெளிச்சத்தில் உள்ள பகுதிகளை மட்டும் ஒப்பிட வேண்டும்.

இது ஏன் முக்கியம்? ஹிர்யூவின் அடையாளம் உடலைச் சுற்றி இரண்டு நீலப் பட்டை. சுய்ககு என்ற இன்னொரு விமானந்தாங்கிக் கப்பலின் அடையாளம் இரண்டு வெள்ளைப் பட்டை. ஆர்த்தோ படத்தில் ஹிர்யூவின் நீலம் வெளுத்து, சுய்ககு மாதிரியே தெரியலாம். அப்போது பட்டையை நம்பாமல் வால் எழுத்தைப் பாருங்கள். கணினி வண்ணம் பூசிய படங்களை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. அது மென்பொருளின் ஊகம், ஆதாரம் அல்ல.

படி 4: குறியீடுகள்

கப்பல், வால் எழுத்து, அதை அடுத்த ரோமன் எண், உடற்பட்டை என்ற வரிசையில் 1941 டிசம்பர் நிலவரம் இது:

- அகாகி: ஏ, ரோமன் ஒன்று, ஒரு சிவப்புப் பட்டை
- காகா: ஏ, ரோமன் இரண்டு, இரண்டு சிவப்பு
- சோர்யூ: பி, ரோமன் ஒன்று, ஒரு நீலம்
- ஹிர்யூ: பி, ரோமன் இரண்டு, இரண்டு நீலம்
- ஷோககு: இ, ரோமன் ஒன்று, ஒரு வெள்ளை
- சுய்ககு: இ, ரோமன் இரண்டு, இரண்டு வெள்ளை

பின்னால் வரும் எண் 100-களில் இருந்தால் போர் விமானம், 200-கள் டைவ் பாம்பர், 300-கள் டார்பிடோ விமானம். நிஷிகைச்சியின் வாலில் பி, ரோமன் இரண்டு, 120. ரோமன் இரண்டைப் பதினொன்று என்று படித்துவிடும் குழப்பம் பழைய அறிக்கைகளிலும் உண்டு, தேடும்போது இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

இறக்கையின் முன்விளிம்பில் மஞ்சள் பட்டை 1942-இன் பிற்பகுதியில்தான் வந்தது. பேர்ல் துறைமுக விமானத்தில் அது இருக்கவே கூடாது. ப்ரொப்பெல்லரும் அப்படித்தான்: போரின் தொடக்கத்தில் முன்பக்கம் வெறும் உலோகம், முனையில் இரண்டு சிவப்புக் கோடு. செம்பழுப்பு ப்ரொப்பெல்லரும் மஞ்சள் முனையும் பிற்காலத்தவை.

படி 5: இப்போது நிறம்

1942 பிப்ரவரி தேதியிட்ட கடற்படைத் தொழில்நுட்ப அறிக்கை ஒன்று, அப்போதைய ஜீரோ நிறத்தை ஜே3 (கடற்படை வண்ணக் குறியீடு) சாம்பல், ஆனால் லேசாக அமெ-இரோ, அதாவது ஜப்பானிய மிட்டாய்ப் பாகின் நிறம் பக்கம் சாய்ந்தது என்று குறிக்கிறது. மீந்திருக்கும் விமானத் தகடுகளும் இதற்கு ஒத்துவருகின்றன. வெயில் பட்ட மேற்பரப்பு வெளிறிச் சுண்ணாம்புபோல் சாம்பலாக இருக்கும். மென்மையாகப் பாலிஷ் செய்தால் கீழே பச்சையும் பழுப்பும் கலந்த நிறம் தெரியும். "வெளிர் சாம்பல்", "ஆலிவ்" என்று இரு கட்சியாகச் சண்டை நடப்பதற்கு இதுதான் காரணம். இருவரும் ஒரே பெயின்டின் வெவ்வேறு வயதைப் பார்க்கிறார்கள்.

தகட்டை நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், இரண்டு தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்த ஓரத்தைப் பாருங்கள். அங்கே வெயில் பட்டிருக்காது. எஃப்எஸ் 595 என்ற அமெரிக்க வண்ணத் தர அட்டையைப் பகல் வெளிச்சத்து நிழலில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எல்இடி விளக்கின் கீழ் வேண்டாம். அதில் 16350 என்ற எண்ணுள்ள நிறத்துக்குப் பக்கத்தில் தொடங்கலாம். துணி போர்த்திய எய்லரான், எலிவேட்டர், ரட்டர் (இறக்கையிலும் வாலிலும் அசையும் பகுதிகள்) மூன்றும் உலோகப் பகுதியைவிடச் சாம்பல் சாயலில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பெயின்டில் அடித்தால் அந்த வேறுபாடு தொலைந்துபோகும்.

பாட்டில் என்றால் தமியா நிறுவனத்தின் எக்ஸ்எஃப்-76 போதும், தூரிகைக்கும் ஒத்துழைக்கும். மிஸ்டர் கலர் என்ற பெயின்ட் வரிசையின் 128 ஏர்பிரஷ் உள்ளவர்களுக்கு இன்னும் நல்லது. வெளுக்க வேண்டுமானால் சுத்த வெள்ளை கலக்காதீர்கள், நீலம் அடிக்கும். வெளிர் பழுப்புச் சாம்பலைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். கவுலிங்குக்கு மிஸ்டர் கலர் 125, மிட்சுபிஷி காக்பிட்டுக்கு 126.

பின்சேர்க்கை 1: அகுடான் ஜீரோ

1942 ஜூனில் அலூஷியன் தீவுகளில் விழுந்த தடயோஷி கோகாவின் விமானத்தை அமெரிக்கர்கள் சான் டியகோவில் பழுதுபார்த்துப் பறக்கவிட்டார்கள். பறக்கும் படங்கள் துல்லியமானவை. ஆனால் அப்போது அது அமெரிக்கக் கடற்படை நிறத்தில், நட்சத்திரக் குறியோடு இருந்தது. வடிவத்துக்கு நம்பலாம், நிறத்துக்குக் கூடாது. தீவில் கிடந்தபோது எடுத்த படங்களைத் தேடுங்கள். அருங்காட்சியக விமானங்களிலும் முதலில் கேட்க வேண்டியது, "கடைசியாக எப்போது பெயின்ட் அடித்தீர்கள்?" என்பதுதான்.

பின்சேர்க்கை 2: பெயின்ட் உரிதல்

1943-இல் ரபாவுலில் களத்திலேயே பச்சை அடித்த ஜீரோக்களில் பச்சை உரிந்தால் முதலில் தெரிவது பழைய சாம்பல், அலுமினியம் அல்ல. வெள்ளிப் பென்சிலை எடுத்து எல்லா இடத்திலும் தீட்டுவதற்கு முன் படத்தில் உரிந்த இடத்தின் சாயலை இறக்கையின் அடிப்பக்கத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் சாம்பல்தான். 1941 டிசம்பரில் கப்பலில் இருந்த விமானங்களுக்கு இந்த வேலையே வேண்டாம். பளபளப்பாகப் பராமரித்திருந்தார்கள், செமி-கிளாஸ் வார்னிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.