பழைய கேமிங் பிசி: பார்ட் மாற்றுவதா, புதுசே எடுப்பதா?

ஏழெட்டு வருசத்துப் பிசியில் புது கேம் திணறுகிறது என்று கடையில் போய்ச் சொன்னால் "புதுசு எடுத்துடுங்க தம்பி" என்பார்கள். யூடியூபில் கேட்டால் கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்று என்பார்கள். ரெண்டு பேரையும் நம்ப வேண்டாம், ஒரு சாயங்காலம் உட்கார்ந்து சோதித்தால் பிசியே பதில் சொல்லிவிடும். என் தம்பியின் பிசியில் நான் பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன். அது இன்டெல் ஐ5 7400 ப்ராசசர், ஹெச்110 மதர்போர்டு, ஒரே ஒரு 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. 2017 வாக்கில் அசெம்பிள் செய்த பலரிடம் ஏறக்குறைய இதுதான் இருக்கும். டிரைவர் அப்டேட் எல்லாம் நீங்களே செய்திருப்பீர்கள், அதற்குள் போகவில்லை.

படி 1: தூசியும் சூடும்

சேலத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் பிசி வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள். அறையில் பத்து டிகிரி கூடினால் ப்ராசசரிலும் கிட்டத்தட்ட அதே பத்து டிகிரி கூடும். ராத்திரி ஒழுங்காக ஓடுகிற கேம் சித்திரை மாத மத்தியானத்தில் மட்டும் இழுக்கிறதென்றால் முதலில் கூலரைத்தான் பார்க்க வேண்டும். தூசியை ஊதுங்கள், ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் இத்தனை வருசத்தில் காய்ந்து போயிருக்கும், மாற்றிவிடுங்கள். இன்டெலுடன் வருகிற கூலருக்கு நாலு பிளாஸ்டிக் கால், நாலும் போர்டுக்குப் பின்பக்கம் முழுசாக வெளியே வந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மூடுங்கள். ஏற்காட்டில் இருக்கும் பெரியப்பா பையன், தனக்கு இந்தத் தொல்லையே இல்லை என்று பீற்றிக்கொள்வான், மழைக்காலத்து ஈரத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டான்.

படி 2: எது திணறுகிறது?

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேரைப் போடுங்கள். கார்டு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஓடும். அதோடு வரும் ரிவாட்யூனர், கேம் ஓடும்போதே திரை மூலையில் எண்களைக் காட்டும். 'பாட்டில்நெக் கால்குலேட்டர்' என்று சில தளங்கள் இருக்கின்றன, பார்ட் பேரைப் போட்டால் எது எத்தனை சதவீதம் தடுக்கிறது என்று சொல்லும், அந்தப் பக்கமே போகாதீர்கள். எந்தக் கேம், எந்த செட்டிங்ஸ் என்று தெரியாமல் சொல்கிற எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

கேமில் வி-சிங்க் (மானிட்டர் வேகத்தோடு கட்டிப்போடும் செட்டிங்), எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) லிமிட் இரண்டையும் அணைத்துவிட்டு விளையாடுங்கள். கார்டின் பயன்பாடு 95க்கு மேலேயே நின்றால் திணறுவது கார்டு. அது 60, 70 என்று இருந்துகொண்டு எஃப்பிஎஸ் ஏறாமல் நின்றால் ப்ராசசர் அல்லது ரேம்.

நிறைய பேர் ஏமாறுவது இதற்கு அடுத்த இடத்தில். ப்ராசசர் 50 சதவீதம்தான் காட்டுகிறது, அப்படியென்றால் அதில் தப்பில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த 50, ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளான எல்லாக் கோர்களின் சராசரி. கேமின் முக்கிய வேலை ஒன்றிரண்டு கோர்களிலேயே நடக்கும், அந்த ஒரு கோர் 100இல் முட்டிக்கொண்டு நின்றால் மற்றவை சும்மா இருந்தும் பிரயோசனமில்லை. கோர் எத்தனைக்கு எத்தனை அதிகமோ சராசரி அத்தனைக்கு ஏமாற்றும். அதனால் ஆஃப்டர்பர்னரில் ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

அப்போதும் சந்தேகம் என்றால் ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்டுதான் சிக்கல். அசையவே இல்லை என்றால் கார்டுக்கு எவ்வளவு செலவழித்தாலும் அசையாது. தம்பி பிசியில் வேலோரன்ட் கேமின் எஃப்பிஎஸ் கொஞ்சமும் அசையவில்லை. அவனோ புது கார்டுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான்.

சிபியு-இசட் என்ற சாஃப்ட்வேரைத் திறந்து மெமரி பகுதியில் சேனல் 'சிங்கிள்' அல்லது '1 x 64-bit' என்று, அதாவது ரேம் ஒற்றை வழியில் மட்டும் ஓடுவதாக, இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதே வேகத்தில் இன்னொரு ரேம் போட்டுவிட்டு மறுபடி சோதியுங்கள். செகண்ட் ஹேண்டில் பயப்படாமல் வாங்கக்கூடிய பார்ட் ரேம்தான். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்துக்கு வேறு வழியும் இல்லை. எங்களுக்கு இதிலேயே அந்தத் திக்கித் திக்கி நிற்பது பாதி குறைந்தது, முழுசாகப் போகவில்லை.

படி 3: போர்டு எதுவரை தாங்கும்?

ஏஎம்டி ப்ராசசருக்கான ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். 2017இல் வாங்கிய பி350 போர்டிலேயே, போர்டு கம்பெனி புது பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) கொடுத்திருந்தால், ரைசன் 5 5600 ப்ராசசர் ஓடும். பழைய ப்ராசசர் இருக்கும்போதே பயாஸ் அப்டேட்டை முடியுங்கள், யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள், நடுவில் கரண்ட் போனால் போர்டு போச்சு.

இன்டெல்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. எட்டாம் தலைமுறை ப்ராசசர் ஏழாம் தலைமுறை போர்டில் உட்காரும், ஆனால் வேலை செய்யாது. எங்கள் ஹெச்110இல் ஐ7 7700கேதான் உச்சம். அதை வாங்கினாலும் விண்டோஸ் 11 பட்டியலில் அது கிடையாது, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதில் காசு போடுவது வீண்.

படி 4: எஸ்எம்பிஎஸ் லேபிள்

கார்டு மாற்றுவதாக இருந்தால் பக்கக் கதவைக் கழற்றி, பிசிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மேல் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். மேலே பெரிசாக 450 வாட் என்று இருக்கும், அதை விடுங்கள். கீழே கட்டத்தில் +12வி என்பதற்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கேபினட்டோடு வந்த எங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் 16 ஆம்பியர். 12ஆல் பெருக்கினால் 192 வாட்தான். 1050 டிஐக்கு 75, ப்ராசசருக்கு 65, இதுவரை தாங்கியது அதனால்தான். ஆர்டிஎக்ஸ் 3060 மட்டுமே 170 வாட் கேட்கும், கூட்டிப் பாருங்கள். கார்டுக்குக் கரண்ட் கொடுக்க கன்வர்ட்டர் ஒயர் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ் அடுத்த பிசிக்கும் வரும், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

முடிவு

மாற்ற வேண்டிய பார்ட் இதே போர்டில் ஓடும், நாளைக்கு வேறு போர்டுக்கும் போகும் என்றால் தைரியமாக மாற்றுங்கள். கார்டு, எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் எல்லாம் இந்த ரகம். போர்டையே தாண்ட வேண்டியிருந்தால் புதுசுதான். ஆனால் புதுசு என்றால் கேபினட்டிலிருந்து எல்லாமும் என்று அர்த்தமில்லை. நாங்கள் பி550 போர்டும் ரைசன் 5 5600ம் எஸ்எம்பிஎஸ்ஸும் மட்டும் எடுத்தோம். டிடிஆர்4 ரேம் இரண்டும் அப்படியே இதில் போனது. டிடிஆர்5 ரேம் கேட்கிற, ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 பக்கம் போகாததற்கு அதுதான் காரணம். 5600இல் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது, அதனால் 1050 டிஐ இன்னும் வேலையில் இருக்கிறது. அடுத்த கார்டை அவன் சம்பாதித்து வாங்கட்டும்.

எங்கே வாங்குவது என்றால், புதுப் பார்ட்டை சேலத்திலேயே பில்லோடு வாங்குங்கள், வாரன்டிக்கு அலைய வேண்டாம். செகண்ட் ஹேண்ட் கார்டுக்கு மட்டும் பெங்களூரில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு போகலாம், கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டதிலிருந்து இரண்டு விஷயம். கார்டு பயன்பாடு பூஜ்யத்திலேயே நிற்கிறது என்று ஒருவர் எழுதினார், மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருந்தார். இன்னொருவருக்கு போர்டு மாற்றி விண்டோஸ் 11 போட்ட பிறகு வேலோரன்ட் திறக்கவில்லை. அந்தக் கேம் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும், பயாஸில் இரண்டையும் இயக்குங்கள். பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்தால் அதை ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றிய பிறகே செக்யூர் பூட்டைத் தொடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸே ஏறாது.